கோல்ட்ஸ்போரோ 1961: நான்கு பூட்டில் மூன்று திறந்துகொண்டது என்றால் கணக்கு எங்கே தப்பியது?

செம்புக்கம்பி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 1961 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், கோல்ட்ஸ்போரோ அருகே ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் நடுவானில் உடைந்தது. அதிலிருந்து இரண்டு மார்க் 39 ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. ஒவ்வொன்றும் 3.8 மெகாடன். ஒரு குண்டில் இருந்த நான்கு பாதுகாப்பு அமைப்புகளில் மூன்று செயலிழந்தன, நான்காவதுதான் காப்பாற்றியது என்று படிக்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் மூன்று சந்தேகங்கள்.

ஒன்று, கணக்கு. ஒரு பூட்டு ஆயிரத்தில் ஒரு முறை தவறும் என்று வைத்தால், மூன்று பூட்டும் சேர்ந்து தவற நூறு கோடியில் ஒரு வாய்ப்பு. நான்கும் தவற லட்சம் கோடியில் ஒன்று. அணுகுண்டு என்ற பொருளே வந்து பதினாறு வருடம்கூட ஆகாத நேரத்தில் நூறு கோடியில் ஒன்று எப்படி நடந்தது? அமெரிக்கர்களுக்கு நம்ப முடியாத துரதிர்ஷ்டமா, அல்லது என் கணக்கு தவறா?

இரண்டு, நான்காவது பூட்டு தாங்கியதே, அதனால் பாதுகாப்பு அமைப்பு தன் வேலையைச் செய்தது என்று வாதிடுகிறவர்களுக்கு என்ன பதில்?

மூன்று, பின்னால் வந்த ஆயுதங்களில் இதைச் சரிசெய்துவிட்டார்களா?

நிலைமின்

உங்கள் பெருக்கல் சரி. பெருக்கக் கூடாதவற்றைப் பெருக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மார்க் 39 எந்த வரிசையில் வெடிக்க வேண்டும் என்று செய்யப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். விமானத்தில் இருப்பவர் தன் அறையில் ஒரு சுவிட்சைத் திருப்புவார். 28 வோல்ட் மின்சாரம் போய், குண்டுக்குள் இருக்கும் சுவிட்சை ‘சேஃப்’ (பாதுகாப்பான) நிலையிலிருந்து ‘ஆர்ம்’ (வெடிக்கத் தயாரான) நிலைக்கு நகர்த்தும். மனிதன் கைவைக்கிற இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் குண்டு தானே செய்துகொள்வது. விமானத்தை விட்டுப் பிரியும்போது குண்டை விமானத்தோடு இணைத்திருக்கும் ஆர்மிங் கம்பிகள் உருவப்படும். அந்த இழுப்பிலேயே ஒரு சிறு ஜெனரேட்டர் மின்துடிப்பு கொடுக்கும். அதில் குறைவோல்ட் தெர்மல் பேட்டரிகள் பற்றிக்கொள்ளும். விமானம் விலகிப்போக அவகாசம் தரும் டைமர் ஓடும். பாராசூட் விரியும். கீழே இறங்க இறங்கக் காற்றழுத்தம் மாறுவதை வைத்து பாரோமெட்ரிக் சுவிட்ச் மூடிக்கொள்ளும். உள் சுவிட்ச் ‘ஆர்ம்’ நிலையில் இருந்தால் உயர்வோல்ட் பேட்டரி உயிர்பெற்று, வெடியைத் தொடங்கிவைக்கும் டெட்டனேட்டர்களுக்கான கெப்பாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் உறுப்புகளில்) மின்சாரத்தை ஏற்றும். தரையில் மோதியதும் மூக்கிலுள்ள படிகங்கள் நசுங்கி ‘வெடி’ என்ற சைகையைக் கொடுக்கும்.

அன்றிரவு நடந்தது என்ன? வலது இறக்கையில் எரிபொருள் கசிந்து, தரையிறங்க வரும்போது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. எட்டுப் பேரில் மூவர் இறந்தார்கள். உடற்பகுதி முறுகி உடைந்தபோது குண்டு தன் பிடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. போகும்போது ஆர்மிங் கம்பிகளும் உருவின. அந்தக் கணத்திலிருந்து குண்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: என்னை வீசிவிட்டார்கள். ஜெனரேட்டர் துடிப்பு வந்தது, பேட்டரி எழுந்தது, டைமர் ஓடியது, பாராசூட் விரிந்தது, காற்றழுத்தச் சுவிட்ச் மூடியது. மோதியதும் வெடிக்கும் சைகையும் போனது.

‘மூன்று செயலிழந்தன’ என்று எழுதுவதை ஏற்க முடியாது. அவை செயலிழக்கவில்லை. வடிவமைத்தவர் சொன்னபடியே, ஒன்றுவிடாமல் வேலை செய்தன. குண்டு வீசப்படுவதற்கும் விமானம் உடைவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காணும் வழி எதுவும் அவற்றுக்குத் தரப்படவில்லை. உங்கள் கணக்கில் மூன்று தனித்தனிப் பகடைகள் உருட்டப்படுகின்றன. உண்மையில் உருட்டப்பட்டது ஒரு பகடை. அதன் பெயர் ‘விமானம் உடைதல்’. அந்தப் பகடையோ எளிதில் விழக்கூடியது.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். மிஞ்சியது 28 வோல்ட்டில் நகரும் அந்த உள் சுவிட்ச். அமெரிக்க அணு ஆயுதங்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் சாண்டியா ஆய்வகத்தில் இருந்த பார்க்கர் ஜோன்ஸ் 1969இல் ஒரு குறிப்பு எழுதினார். 2013இல் அது வெளியே வந்தது. அமெரிக்காவுக்கும் பேரழிவுக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு எளிய குறைவோல்ட் சுவிட்ச் என்பதே அதன் சாரம். நடுவானில் உடையும் விமானத்தில் வயர்கள் அறுந்து ஒன்றோடொன்று உரசும். 28 வோல்ட் என்பது அந்த விமானத்தின் உடலெங்கும் ஓடுகிற சாதாரண மின்சாரம். அதில் ஒரு வயர் ‘ஆர்ம்’ கம்பியைத் தொட்டிருந்தால் போதும் என்றும், அப்படி நடப்பது நம்பத்தகுந்ததே என்றும் அவர் எழுதினார். இத்தகைய சுவிட்சுகள் தற்செயலாக நகர்ந்த சம்பவங்கள் முப்பதுக்கு மேல் இருந்ததாகப் பின்னாளில் சாண்டியாக்காரர்களே சொன்னார்கள்.

இரண்டாவது குண்டையும் மறக்கக்கூடாது. அதற்குப் பாராசூட் விரியவில்லை. நேராகச் சேற்று வயலில் புதைந்தது. தோண்டி எடுத்தபோது அதன் உள் சுவிட்ச் ‘ஆர்ம்’ என்று காட்டியது. பிரித்துப் பார்த்த பிறகுதான், மோதலில் காட்டும் உருளை மட்டும் சுழன்றிருக்கிறது, மின்தொடர்பு சேரவில்லை என்று தெரிந்தது. அந்தக் குண்டின் யுரேனியப் பகுதி இன்றும் அந்த வயலுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒன்றில் சுவிட்ச் சரி, மற்ற எல்லாம் ஓடிவிட்டன. இன்னொன்றில் சுவிட்ச் சந்தேகத்துக்குரியது, பாராசூட் விரியாததால் மற்றவை முழுதாக ஓடவில்லை. இரண்டு குண்டின் நிலைமையும் ஒரே குண்டில் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ‘அமைப்பு தன் வேலையைச் செய்தது’ என்ற வாதத்தை இந்த விபத்தின் மேல் நிறுத்தவே முடியாது.

வடதுருவம்

நிலைமின் சொன்னது ஒரு குண்டுக்குள் நடப்பது. இதே நோய் குண்டுக்கு வெளியேயும் உண்டு. அதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

கோல்ட்ஸ்போரோ நடந்த அதே வருடம் நவம்பர் 24. ஒமாஹாவில் இருந்த குண்டுவீச்சுப் படைத் தலைமையகத்துக்குக் கிரீன்லாந்தின் தூலே ரேடார் நிலையத்தோடும், கொலராடோவில் உள்ள வான்காப்புத் தலைமையகத்தோடும் இருந்த தொடர்புகள் எல்லாம் ஒரே நொடியில் அறுந்தன. தனித்தனித் தடங்கள் என்று நம்பி வாடகைக்கு எடுக்கப்பட்டவை அவை. எல்லாம் சேர்ந்து அறுவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், அது தாக்குதல் என்று நினைப்பது இயல்பு. விமானக் குழுக்கள் எஞ்சினை ஓட்டித் தயாராக நின்றன. தூலேக்கு மேலே பறந்துகொண்டிருந்த ஒரு பி-52 ரேடியோவில் பதில் சொல்லி, கீழே எல்லாம் பத்திரம் என்ற பிறகுதான் மூச்சு வந்தது. உண்மைக் காரணம் கொலராடோவில் ஒரு தொலைபேசி ரிலே நிலையத்தில் மோட்டார் ஒன்று சூடேறிப்போனது. ‘தனித்தனி’த் தடங்கள் அத்தனையும் அந்த ஒரே நிலையத்தின் வழியாகப் போயின. வரைபடத்தில் பல கோடுகள், தரையில் ஒரே கட்டடம்.

அந்த விமானம் அன்று உதவியது. மறுக்கவில்லை. தூலே ரேடாரோடு தொடர்பு போனால் அது தாக்குதலா, வெறும் லைன் பழுதா என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும் என்பதற்காகவே அங்கே வட்டமிட ஒரு பி-52ஐ நிறுத்தினார்கள். ஆனால் அது வெறும் கண் அல்ல. நான்கு ஹைட்ரஜன் குண்டுகளைச் சுமந்த கண்.

1968 ஜனவரி 21. அந்தக் கடமையில் இருந்த விமானத்துக்குள் கடுங்குளிர். கீழ்த்தளத்தில் இருக்கைக்கு அருகே, சூடாக்கும் குழாயின் வாய்க்கு முன்னால், கூடுதலாகக் கொண்டுவந்த நுரை மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். எஞ்சினிலிருந்து வரும் வெப்பக் காற்றைத் திறந்துவிட்டதும் மெத்தை பற்றிக்கொண்டது. தீயணைப்பான்கள் போதவில்லை. மின்சாரம் போனது. ஏழு பேரில் ஆறு பேர் குதித்துத் தப்பினார்கள், ஒருவர் இறந்தார். ஆளில்லாத விமானம் ஓடுபாதையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளிக் கடல் பனிக்கட்டியில் விழுந்தது. நான்கு பி28 குண்டுகளிலும் இருந்த சாதாரண வெடிமருந்து வெடித்துப் புளுட்டோனியம் பனியில் சிதறியது. அணுவெடிப்பு இல்லை.

இப்போது ‘அணுவெடிப்பு ஆகியிருந்தால்’ என்று கேளுங்கள். தலைமையகத்தில் இருப்பவர் என்ன பார்த்திருப்பார்? தூலே ரேடார் மௌனம். சரிபார்க்க வைத்த விமானமும் மௌனம். தூலேயில் வைத்திருந்த குண்டுவெடிப்பு உணர்கருவி ‘அணுவெடிப்பு’ என்கிறது. மூன்று தனித்தனிச் சாட்சிகள், மூன்றும் ஒரே பொய்யைச் சொல்கின்றன. சோவியத் தாக்குதலின் முதல் நிமிடம் எப்படித் தெரியுமோ அப்படியே இது தெரிந்திருக்கும். தவறான எச்சரிக்கையைத் தடுக்கச் சேர்த்த உறுப்பே, மிக மோசமான தவறான எச்சரிக்கையை உண்டாக்கக்கூடிய உறுப்பாக அங்கே பறந்துகொண்டிருந்தது. கூடுதல் பாதுகாப்பு என்று எதையாவது சேர்க்கும்போது, அது எதைத் தடுக்கிறது என்று எல்லோரும் எழுதிவைக்கிறார்கள். அது புதிதாக எதைக் கொண்டுவருகிறது என்று எழுதிவைப்பதில்லை. நுரை மெத்தைக்கும் ரேடார் எச்சரிக்கைக்கும் தொடர்பு இருக்கும் என்று எந்தப் பொறியாளர் பட்டியலில் எழுதியிருப்பார்?

அதற்குப் பிறகே, குண்டுகளோடு எந்நேரமும் வானில் பறக்கும் ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1966 ஜனவரியில் ஸ்பெயினின் பலோமாரெஸில் எண்ணெய் நிரப்பும் விமானத்தோடு மோதி நான்கு குண்டுகள் விழுந்தபோதே நிறுத்தியிருக்க வேண்டும். அப்போது குறைத்தார்களே தவிர, நிறுத்தவில்லை.

செம்புக்கம்பி

நிலைமின், வடதுருவம் இருவருக்கும் நன்றி. ‘செயலிழக்கவில்லை, சொன்னபடியே செய்தன’ என்பது நான் எதிர்பார்க்காத பதில். அப்படியென்றால் மூன்றாவது சந்தேகம் இன்னும் முக்கியமாகிறது. வீசுவதற்கும் உடைவதற்கும் வித்தியாசம் காணும் பூட்டு என்று ஒன்றைச் செய்ய முடிந்ததா?

அளவுகோல்

முடிந்தது. சாண்டியாவில் 1970களில் உருவாக்கி, 1977இல் பி61-5 என்ற குண்டில் முதன்முதலாக வைத்தார்கள். நல்ல பொறியியல். அதன் எல்லை எங்கே என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கருத்து மூன்று. முதலாவது, தனிமைப்படுத்தல். டெட்டனேட்டர்களையும் அவற்றை ஏற்றும் கெப்பாசிட்டரையும் ஒரு தடுப்பு உறைக்குள் அடைத்துவிடுவது. மின்னலோ, அறுந்த வயரோ, எதுவும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் நிஜமாகப் பயன்படுத்த வேண்டுமென்றால் எங்காவது ஒரு வாசல் வேண்டுமே. அந்த வாசலில் நிற்பது ஸ்ட்ராங் லிங்க். மோதலையும் வெப்பத்தையும் தாங்கும் இயந்திரப் பூட்டு.

இரண்டாவது, பொருந்தாமை. கோல்ட்ஸ்போரோவுக்கு நேரடிப் பதில் இதுதான். அந்தப் பூட்டு வெறும் 28 வோல்ட்டுக்குத் திறக்காது. இரண்டு வகைத் துடிப்புகள், மொத்தம் 24, ஒரு குறிப்பிட்ட வரிசையில் வர வேண்டும். நடுவில் ஒன்று தவறினால் பூட்டு இறுகிக்கொள்ளும். தொழிற்சாலைக்கு எடுத்துப்போகாமல் திரும்பத் திறக்க முடியாது. பலர் இதைக் கடவுச்சொல் என்று நினைக்கிறார்கள். அல்ல. ரகசியம் இதன் நோக்கமே இல்லை. விபத்தில் தானாக உருவாகும் எந்த மின்சாரத்துக்கும், அது நேர்மின்சாரமோ, மாறுமின்சாரமோ, விட்டுவிட்டு உரசும் வயரோ, இந்த வரிசையின் சாயல் இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். ஆளைத் தடுக்கும் குறியீட்டுப் பூட்டு தனி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்படிப்பட்ட ஸ்ட்ராங் லிங்க் இரண்டு. ஒன்று மனிதனின் எண்ணத்தைத் தெரிவிக்கும் வரிசைக்குத் திறக்கும். மற்றது ஆயுதம் தன் பாதையில் உண்மையாகவே பயணித்தால்தான் திறக்கும். இரண்டின் இயந்திர அமைப்பும் வேறுவேறு. ஒரே வகைப் பழுது இரண்டையும் தாக்கக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரத்தில் ஒன்று என்று இலக்கு. இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சத்தில் ஒன்று. செம்புக்கம்பி போட்ட அதே பெருக்கல்தான். அந்தப் பெருக்கலுக்கு உரிமை வாங்கத்தான் இத்தனை உழைப்பு.

விபத்தில் அகப்பட்ட ஆயுதம் அணுவெடிப்பாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று 1968இலேயே விதி வந்துவிட்டது. விபத்தில்லாத சாதாரண நிலையில், ஓர் ஆயுதத்தின் வாழ்நாளுக்கு நூறு கோடியில் ஒன்று.

மூன்றாவது, இயலாமை. எந்தப் பூட்டும் நெருப்பில் ஒரு கட்டத்தில் உருகும். அதனால் வீக் லிங்க் ஒன்றை உள்ளே வைத்தார்கள். கெப்பாசிட்டர் நல்ல உதாரணம். பாலியஸ்டர் படலம் சுற்றிய கெப்பாசிட்டர் என்றால் படலம் சுமார் 250 டிகிரியில் உருகும். பிறகு அது மின்சாரத்தைப் பிடித்துவைக்காது, டெட்டனேட்டரைச் சுட முடியாது. பூட்டு உருகுவதற்கு முன் ஆயுதமே செத்துவிட வேண்டும்.

இதன் எல்லையும் அங்கேதான் இருக்கிறது. இது ஒரு ஓட்டப்பந்தயம். வீக் லிங்க் முதலில் சாக வேண்டும், ஸ்ட்ராங் லிங்க் பிறகு சாக வேண்டும். முழு ஆயுதமும் எண்ணெய்க் குளத்தில் மூழ்கி எரிந்தால் இரண்டும் ஒரே சூட்டைப் பார்க்கும், கணக்கு நிற்கும். ஒரு பக்கம் மட்டும் தீச்சுவாலை பீய்ச்சினால் பூட்டு இருக்கும் பக்கம் முதலில் சூடாகலாம். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வெப்பத்தை வாங்கும்படி வைக்க வேண்டும். நெருப்பு வருவதற்கு முன் மோதலில் ஆயுதம் நசுங்கி, இரண்டும் விலகிப்போயிருந்தால்? சோதனைக்கூடத்தில் நெருப்பு தனியாக வரும், மோதல் தனியாக வரும். விமான விபத்தில் மோதல் முதலில், நெருப்பு அடுத்து, தீயணைப்பு நீர் அதற்கும் அடுத்து.

இன்னொன்றும் உண்டு. இந்த மூன்றும் தடுப்பது அணுவெடிப்பை மட்டும். புளுட்டோனியத்தைச் சுற்றியிருக்கும் வெடிமருந்து எரிந்தாலோ அதிர்ந்தாலோ வெடித்தால், பலோமாரெஸ், தூலே மாதிரி புளுட்டோனியத் தூள் பரவும். அதற்கு மருந்தையே மாற்ற வேண்டும். டிஏடிபி என்ற உணர்ச்சி குறைந்த வெடிமருந்து வந்தது அதற்காகத்தான். சுட்டாலும் எரித்தாலும் எளிதில் வெடிக்காது. விலை என்னவென்றால், பழைய மருந்தில் கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் இதில் கிடைக்கும். அதே வேலைக்கு அதிக மருந்து, அதிக எடை. நீர்மூழ்கி ஏவுகணையில் ஒவ்வொரு கிலோவும் தூரத்தைத் தின்னும். அதனால் டிரைடென்ட்டின் டபிள்யூ88 போர்முனைக்குப் பழைய வகை மருந்தையே வைத்தார்கள். அந்தப் போர்முனைகள் மூன்றாம் கட்ட மோட்டாரைச் சுற்றி வட்டமாக நிற்கின்றன, அந்த மோட்டாரின் திட எரிபொருளும் வெடிக்கக்கூடிய வகை. 1990இல் இயற்பியலாளர் சிட்னி டிரெல் தலைமையிலான குழு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. அந்தப் போர்முனை இன்றும் பணியில் இருக்கிறது.

எனவே, ‘சரிசெய்துவிட்டார்களா’ என்ற கேள்விக்கு என் பதில்: வழியைக் கண்டுபிடித்தார்கள். எல்லாவற்றிலும் வைக்கவில்லை. வைத்தவற்றிலும் காலதாமதம். 1980 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் விமானப்படைத் தளத்தில், தயார்நிலையில் நின்ற ஒரு பி-52 விமானத்தின் எஞ்சினில் தீப்பிடித்து மூன்று மணி நேரம் எரிந்தது. உள்ளே இருந்தவை பழைய வெடிமருந்து கொண்ட எஸ்ஆர்ஏஎம் என்ற, விமானத்திலிருந்து ஏவும் குறுந்தூர அணு ஏவுகணைகள். பலத்த காற்று தீயை ஆயுத அறைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவற்றைத் தயார்நிலை விமானங்களிலிருந்து இறக்கியது 1990இல்.

மேல்தளம்

இதுல ஒன்னு விட்டுப்போச்சு. எல்லாரும் போர்முனைக்குள்ள இருக்கிற பூட்டையே பேசுறீங்க. போர்முனை எது மேல உக்காந்திருக்குன்னும் பாக்கணும்.

கிராண்ட் ஃபோர்க்ஸ் நடந்து மூணே நாள்ல, செப்டம்பர் 18, ஆர்கன்சாஸ் மாநிலம், டமாஸ்கஸ் ஊர்ப்பக்கம் ஒரு டைட்டன் 2 சைலோ, அதாவது ஏவுகணைய நிறுத்தி வச்சிருக்கிற நிலத்தடிக் கிணறு. ஏவுகணை மேல இருந்தது டபிள்யூ53 போர்முனை, 9 மெகாடன். ரெண்டாம் கட்டத்து ஆக்சிடைசர் (எரிபொருளை எரியவைக்கிற திரவம்) டேங்குல அழுத்தம் கொறஞ்சிருக்கு, ஏத்தணும். சாதாரண வேலை. முறுக்கு விசையை அளந்து திருகுற டார்க் ரெஞ்ச்தான் பயன்படுத்தணும்னு விதி மாறியிருந்துச்சு. கையில இருந்தது பழைய ராட்செட். சுமார் 3.6 கிலோ சாக்கெட் கழண்டு, மேடைக்கும் ஏவுகணைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளில விழுந்து, 20 மீட்டருக்கு மேல கீழ போயி, அடியில இருக்கிற தாங்கியில மோதித் துள்ளி, முதல் கட்டத்து எரிபொருள் டேங்கைக் குத்திருச்சு.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். எரிபொருள் டேங்க் கீழ, ஆக்சிடைசர் டேங்க் மேல. இந்த ரெண்டு திரவமும் தொட்டாலே பத்திக்கும், தீப்பொறியே வேண்டாம். எரிபொருள் ஒழுக ஒழுகக் கீழ் டேங்குல அழுத்தம் எறங்குது. மெல்லிசான அலுமினிய டேங்க், உள்ளழுத்தம்தான் அதை நிமித்தி நிக்க வைக்குது. அழுத்தம் போனா மேல இருக்கிற எடை தாங்காம நொறுங்கும், ஆக்சிடைசர் கொட்டும். எரிபொருள் ஆவி பரவச் சூடேறுது, அதனால மேல் டேங்குல அழுத்தம் ஏறுது. ஒன்னு எறங்குது, ஒன்னு ஏறுது. ரெண்டுமே வெடிப்பை நோக்கித்தான் போகுது.

டேங்க்ல ஓட்டை விழுந்தா என்ன செய்யணும்னு செக்லிஸ்ட் இல்ல. உத்தரவு மேலதிகாரிங்க கிட்ட இருந்து தொலைபேசில வரணும், அவங்க பல நூறு மைல் தள்ளி இருக்காங்க. கட்டுப்பாட்டு அறையில இருந்தவங்களை வெளியேறச் சொன்னாங்க. அவங்க வெளிய வந்ததும் அழுத்தமானியைப் படிக்க ஆளில்ல. அந்த நிமிஷத்துல இருந்து முடிவெடுக்கிறவங்க எல்லாரும் குருடங்க. பல மணி நேரம் கழிச்சு ரெண்டு பேரை உள்ள அனுப்பி ஆவி அளவைப் பாக்கச் சொன்னாங்க. வெளியேற்று விசிறியைப் போடச் சொன்னாங்க. கொஞ்ச நேரத்துல, விடியக்காலை மூணு மணிவாக்குல வெடிச்சுது. ஒருத்தர் இறந்தார், இருபத்தொரு பேருக்குக் காயம். 740 டன் மூடி தூக்கி எறியப்பட்டுச்சு. போர்முனை வெளிய ஒரு பள்ளத்துல கெடந்துச்சு. அணுவெடிப்பு இல்ல, கதிர்வீச்சுக் கசிவும் இல்ல.

போர்முனையோட பாதுகாப்பு அன்னைக்கு நின்னுச்சு, சரி. ஆனா அதுக்குக் கீழ நூறு டன்னுக்கு மேல இருந்த திரவத்துக்கு என்ன பூட்டு இருந்துச்சு? ஒரு டூலைச் சங்கிலியில கட்டி வச்சிருந்தா, இல்ல அந்த இடைவெளிய ஒழுங்கா மூடியிருந்தா முடிஞ்சிருக்கும். செலவு ரொம்பக் கம்மி. யாரும் அதைப் பாதுகாப்பு அமைப்புன்னு நினைக்கல.

வடதுருவம்

மேல்தளம் சொன்னது மிகச் சரி. இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பதிய வேண்டும். பாதுகாப்புப் பூட்டே ஆயுதத்தைக் கெடுத்த கதை.

நீர்மூழ்கியிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையின் டபிள்யூ47 போர்முனையில், புளுட்டோனியக் கோளத்தின் உள்வெற்றிடத்தில் நியூட்ரானை விழுங்கும் ஒரு கம்பியைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். கம்பி உள்ளே இருக்கும்வரை கோளம் ஒழுங்காக நசுங்காது, அணுவெடிப்பு ஆகாது. ஏவும்போது சிறு மோட்டார் கம்பியை வெளியே உருவும். கேட்க அழகான யோசனை. ஆனால் வருடங்கள் போகப் போகக் கம்பி நொறுங்கும் தன்மைக்கு வந்தது. உருவும்போது பாதியில் அறுந்தால் மிச்சம் உள்ளேயே தங்கிவிடும், ஆயுதம் வெடிக்காது. 1960களின் நடுவில் இருப்பில் இருந்த டபிள்யூ47களில் பெரும்பகுதி இந்தச் சந்தேகத்துக்குள் வந்தன.

‘கட்டளையிட்டால் எப்போதும் வெடிக்க வேண்டும், கட்டளை இல்லாமல் ஒருபோதும் வெடிக்கக்கூடாது.’ இந்த இரண்டையும் ஒரே கருவியிடம் கேட்கிறார்கள். முதலாவதைக் கேட்பவர் படை, இரண்டாவதைக் கேட்பவர் பொறியாளர். 1950களின் ஆரம்பத்தில் குண்டின் கருவை (புளுட்டோனியம் அல்லது யுரேனியம் கொண்ட நடுப்பகுதியை) தனிப் பெட்டியில் வைத்துப் பறக்கும்போது கையால் செருகினார்கள். 1958 மார்ச் 11இல் தென் கரோலினாவின் மார்ஸ் பிளஃப் ஊரில் ஒரு வீட்டருகே மார்க் 6 அணுகுண்டு தவறி விழுந்து வெடித்தபோது, கரு உள்ளே இல்லாததால் போனது வீடும் தோட்டமும்தான். ஆட்கள் காயத்தோடு தப்பினார்கள். அதைவிட நல்ல பூட்டு இதுவரை வரவில்லை என்பது என் கருத்து. தயார்நிலை வேகத்துக்காக அதைக் கைவிட்டு, கரு நிரந்தரமாக உள்ளே இருக்கும் வடிவத்துக்கு மாறினார்கள். பிறகு வந்த பூட்டுகள் எல்லாம் அந்த ஒரு முடிவை ஈடுகட்டத்தான்.

செம்புக்கம்பி

இந்தியாவில் இந்தப் பிரிப்பு நீண்டகாலம் இருந்ததாகச் சொல்வார்களே? இப்போது?

அளவுகோல்

போர்முனையையும் ஏவுகணையையும் தனித்தனியாக வைப்பதுதான் இந்தியாவின் பழக்கம் என்று ஆய்வாளர்கள் எழுதிவந்தார்கள். நீர்மூழ்கியில் அது இயலாது. கடலுக்கு அடியில் போய்ப் பொருத்த முடியாது. ஐஎன்எஸ் அரிஹந்த் 2018இல் முதல் ரோந்தை முடித்ததாக அரசே அறிவித்தது. அக்னி-5 மூடிய குழலுக்குள் வைக்கப்படும் ஏவுகணை. பொருத்தி மூடி வைப்பதற்கு ஏற்ற வடிவம் அது. வடதுருவம் சொன்ன ‘நல்ல பூட்டு’ இங்கும் கழன்றுகொண்டிருக்கிறது.

அணு ஆயுதம் இல்லாத ஒரு விபத்தையும் இங்கே வைக்க வேண்டும். 2022 மார்ச் 9 அன்று ஒரு பிரமோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. வெடிமருந்துப் போர்முனை இல்லை, உயிர்ச்சேதமும் இல்லை. மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். நடைமுறையிலிருந்து விலகியதே காரணம் என்றார்கள். எனக்கு உறுத்துவது அது ஏன் கிளம்பியது என்பதைவிட, எதிர்ப்பக்கம் எப்படிப் படித்திருக்கும் என்பதுதான். ஒலியைவிட வேகமாக வரும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று ரேடார் காட்டாது. யோசிக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். வடதுருவம் எழுதிய தூலே கணக்கை அங்கே போட்டுப் பாருங்கள்.

நிலைமின்

நடைமுறை என்ற சொல் வந்ததால் ஒன்று. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மைனாட் விமானப்படைத் தளத்திலிருந்து பார்க்ஸ்டேல் தளத்துக்கு ஆறு அணுப் போர்முனைகள், ஏவுகணையில் பொருத்தியபடியே, யாருக்கும் தெரியாமல் பறந்தன. சுமார் 36 மணி நேரம் அவை எங்கே என்றே ஒருவரும் தேடவில்லை. கிடங்கில் எடுப்பவர், வண்டியில் இழுப்பவர், விமானத்தில் மாட்டுபவர், பறப்பவர் என ஒவ்வொருவரும் பார்த்துச் சரிசொல்ல வேண்டிய இடங்கள் பல. ஒவ்வொருவரும் முன்னவர் பார்த்திருப்பார் என்று விட்டார்கள். பின்னவர் இருக்கிறார் என்பதாலேயே முன்னவர் கவனம் தளர்கிறது. ஆள் பூட்டுகளைச் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொன்றும் பலவீனமாகும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செம்புக்கம்பி

எல்லோர் பதிலையும் வைத்துத் திரும்பக் கணக்கிட்டேன். பொதுக்காரணப் பழுதுக்கு ஆலைகளில் எடுக்கும் பீட்டா முறை. ஒரு பூட்டு ஆயிரத்தில் ஒன்று தவறும், தவறுவதில் பத்தில் ஒரு பங்கு எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கும் காரணத்தால் என்று வைத்தேன் (இந்தப் பங்குதான் பீட்டா). நான்கு பூட்டும் சேர்ந்து தவற வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. ஐந்தாவது பூட்டு, ஆறாவது பூட்டு சேர்த்தாலும் அந்த எண் அசையவில்லை. முதலில் எழுதிய லட்சம் கோடியிலிருந்து பத்தாயிரத்துக்கு வந்துவிட்டது. சரியா?

நிலைமின்

முறை சரி. எண்தான் இந்த விபத்துக்குப் பொருந்தாது. பீட்டா பத்தில் ஒன்று என்பது ஒரே அலமாரியில் இருக்கும் ரிலேக்களுக்கு எடுப்பது. கோல்ட்ஸ்போரோவில் கம்பி உருவியதும் மீதி மூன்றும் தொடர்ந்து வந்தன. அந்த மூன்றுக்கும் பீட்டாவை 1, அதாவது முழுப்பங்கு, என்று எடுங்கள். விமானம் உடைந்துவிட்டது என்பதையும் நடந்து முடிந்ததாகவே எடுங்கள், ஏனென்றால் நடந்தது. மிஞ்சுவது ஒரு சுவிட்ச், ஆயிரத்தில் ஒன்று. அந்த ஆயிரத்தில் ஒன்று என்பதும், உடையாத விமானத்தில் சும்மா இருக்கும் சுவிட்சுக்கு நீங்கள் வைத்த எண். வயர் அறுந்து தொங்கும் விமானத்தில் அதன் எண் என்ன என்று யாரும் அளந்ததில்லை. குண்டுகள் இரண்டு என்பதால் கடைசியில் இரண்டால் பெருக்குங்கள்.